கதவுக்கு வெளியே

வாடிக்கையாளர் சட்டையில் பையை முதுகுப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டார் தையல்காரர்.

"மறதி இப்படியே போனா கடைய மூட வேண்டியதுதான். தினமும் காலையில தியானம் பண்ணுங்க, மூளைக்கு நல்லது" என்றார் டாக்டர். கணவன், மனைவி இருவருக்குமே ஞாபகச் சோதனையும் வைத்தார்.

மனைவி விடுவாளா? மறுநாளே அவரை அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். அழைப்பு மணியைக் கழற்றினாள். கதவுக்கு வெளியே கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டு தினமும் காவல் இருந்தாள். சத்தம் அவரைக் கலைத்துவிடுமோ என்று மூச்சைக்கூட மெல்ல மெல்ல விட்டாள்.

சில மாதம் கழித்து மறுபடி சோதனை.

"உங்க ஞாபக சக்தி ரெண்டு மடங்கு கூடியிருக்கும்மா! நீங்களும் தியானம் பண்றீங்களா?"

"எனக்கு ஏது டாக்டர் நேரம்? இவருக்குக் காவல் இருக்கவே காலைப் பொழுது போயிடுது. இவருக்கு எப்படி?"

"ஞாபகம் அப்படியேதான் இருக்கு. பதட்டம் மட்டும் கூடியிருக்கு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, இத்தனை நாளா உள்ள என்னதான் பண்ணீங்க?"

"முதல் நாளே எந்திரிச்சுச் சத்தமில்லாம கதவைத் திறந்தேன். நீ கண்ண மூடி அசையாம உக்காந்திருந்தே. உன் தியானத்தக் கலைக்க வேண்டாமேன்னு, தினமும் நீ எந்திரிக்கிற வரைக்கும் உள்ளேயே பூனை மாதிரி நடந்துக்கிட்டு இருந்தேன்."