பத்துக்குப் பத்து சுழி

“சார், உங்க பத்து விரல்லயும் சுழிதான் இருக்கு” என்றாள் அனுப்பிரியா. எனக்கு வந்த சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அந்தப் பத்தில் ஒன்றுகூட என் விரல் இல்லை.

அனுப்பிரியா சிதம்பரத்தில் படிக்கிற பெண். விரல் ரேகைக்கும் சுகர், பிரஷருக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய்ச்சி செய்கிறாள். போன வாரம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு தாளும் மை டப்பாவும் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து வாங்கிப் போனாள்.

தாளில் தில்லைநாதன் என்று என் பேரை எழுதிவிட்டேன். கைதான் மைப்பக்கம் போக மறுத்தது. சுகர் என்று வந்துவிட்டால் அடுத்தது ஊசி. ஐம்பத்திரண்டு வயசிலும் ஊசி என்றால் எனக்கு வேர்த்துக் கொட்டும். ஆபீசில் பத்துப் பேரை மிரட்டுகிற ஆள், வெட்கக்கேடு!

மச்சான் ராஜவேல் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்திருந்தான். தினம் ஜிம்முக்குப் போகிறவன், கல்லு மாதிரி உடம்பு. “மச்சான், உன் கைய வச்சுக் குடுத்துடுடா. அக்காவுக்குத் தெரியவேணாம்” என்று தாளை அவனிடம் தள்ளிவிட்டுக் கடைத்தெருப் பக்கம் நைசாக நழுவினேன்.

இப்போது அனுப்பிரியா கொஞ்சம் தயங்கினாள்.

“எங்க லிஸ்ட்ல இப்படி ரேகை உள்ளவங்க நிறைய பேருக்கு சுகர் இருக்கு சார். இத வச்சு உறுதியா சொல்ல முடியாது. எதுக்கும் நாளைக்கே ரத்தம் பாத்துடுங்க.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. ஐயோ, மச்சானுக்கா?

பக்கத்தில் நின்ற என் மனைவி அமிர்தம், சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். காலையிலிருந்து இது நாலாவது சொம்பு, வெயில் அப்படி. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கே என்மேல் பாசம் பொங்கியது. புருஷன்மேல் இவ்வளவு உயிரா!

அந்தப் பெண் போனதும் மனசு கேட்கவில்லை.

“அழாத அமிர்தம். எனக்கு ஒண்ணும் இல்ல. ஊசிக்குப் பயந்து நான்தான் திருட்டுத்தனம் பண்ணிட்டேன். அது ராஜவேலு கை. அவனத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும், பாவம்.”

திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

“அவனும் உங்கள மாதிரி பயந்தாங்கொள்ளிதாங்க. அது என் கை.”