கூட்டத்தைக் கலைக்கும் வழி

“ஆறே வாரம் மாப்ள. ஒருத்தர்கூட மிச்சம் இருக்க மாட்டாங்க. உன்மேல சந்தேகமும் வராது” என்றார் மச்சான், கதவைச் சாத்திவிட்டு.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. கையிலிருந்த டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து பைக்கை எடுக்கப் போனவரின் தோளில் கை போட்டு, இனிமேல் பங்கு இளைஞர் இயக்கத்துக்கு நீங்கள்தான் வழிகாட்டி என்று ஃபாதர் சொல்லிவிட்டார். மாட்டேன் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.

வாய் வராததுதான் பிரச்சினையே. பதினாலாவது மாடியில் கயிற்றில் தொங்கச் சொன்னால் விசிலடித்துக்கொண்டே தொங்குவார். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, காலேஜ் போகும் மகளும் அந்த இயக்கத்தில்தான் இருந்தாள். அப்பா அங்கே வந்து உளறினால் அதோடு நான் நின்றுவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள், இவர் காதில் விழும்படி.

கூட்டம் குறைந்தால் ஃபாதரே வேறு ஆளைப் போட்டுவிடுவார். அந்த யோசனையோடுதான் மனைவியின் அண்ணனைத் தேடி வந்திருந்தார். முட்டிவலி வந்து விலகும்வரை எட்டு வருஷம் அந்த இயக்கத்தை நடத்தியவர் மச்சான். அவர் காலத்தில் உட்கார நாற்காலி பத்தாது. கட்டியவருக்குத்தானே எந்தச் செங்கல்லை உருவினால் சுவர் சரியும் என்று தெரியும்?

“முதல்ல, நீ வாயே திறக்காத. எல்லாரையும் வட்டமா உட்கார வச்சுட்டு நீயும் உட்காரு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எது மாப்ள சும்மா உட்காரும்? பத்து நிமிஷத்துல எழுந்து போயிடும்.”

ஞாயிறு மாலை சர்ச்சை ஒட்டிய அறைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். இவர் உட்கார்ந்தார். மின்விசிறி மட்டும் பேசியது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐந்தாவது நிமிஷம், பேக்கரியில் வேலை பார்க்கும் பெண் தானாக ஆரம்பித்தாள். முதலாளி திட்டியது, வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாதது, எல்லாம். அவள் முடிக்க இன்னொருவன் பிடித்துக்கொண்டான். இவர் தலையை மட்டும் ஆட்டினார். அறையைப் பூட்டும்போது இருட்டிவிட்டது.

“நல்லாருந்துச்சு அங்கிள். அடுத்த வாரம் என் ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வரேன்” என்றாள் பேக்கரிப் பெண்.

மச்சான் உச்சுக்கொட்டினார். கவலைப்படாதே, ஏதாவது கேட்டால் தெரியாது என்று சொல்லு, மரியாதை அதோடு போய்விடும் என்றார்.

ஆஸ்பத்திரியில் கிடக்கும் தன் அம்மாவுக்காகச் செய்த ஜெபத்தைக் கடவுள் ஏன் கேட்கவில்லை என்று ஒருவன் கேட்டான். “தெரியலப்பா” என்றார் இவர். பொய்யில்லை, நிஜமாகவே தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. கேட்டவன் கடைசிவரை இருந்து, இவரோடு சேர்ந்து நாற்காலிகளை அடுக்கினான். அடுத்த வாரம் மொத்தக் கூட்டமும் ஆஸ்பத்திரியில் அவன் அம்மா கட்டிலைச் சுற்றி நின்றது. நர்ஸ்தான் விரட்டினாள்.

“சரி, அறைச் சாவியைத் தூக்கிப் புயல்கிட்ட குடுத்துடு” என்றார் மச்சான்.

புயல் என்பது பட்டப்பெயர். பந்தடித்து அறையின் இரண்டு ஜன்னல் கண்ணாடிகளையும் உடைத்த புண்ணியவான். சாவி கைக்குப் போனதும் ரகளை பண்ணுவான் என்று பார்த்தால், எல்லாருக்கும் முன்னால் வந்து பெருக்கி வைத்துவிட்டு, வாசலிலேயே நின்று, காலைத் துடைத்துவிட்டு வரச்சொல்லி அதட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடியும் புதுசாக மாட்டியிருந்தது.

கடைசி அஸ்திரத்தை மச்சான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வராதவன் எவனோ அவன் வேலை பார்க்கிற இடத்துக்கே போய் நில்லு. கூட்டாளிகள் முன்னால் மானம் போனால் அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான்.

இரண்டு வாரமாக வராத ஒருவன் வேலை பார்த்த கார் கழுவும் இடத்துக்குப் போய் நின்றார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஹோஸ் பைப்பைக் கையில் வாங்கிக்கொண்டார். மூன்று கார் கழுவி முடித்து, நனைந்த கோழியாக வீட்டுக்கு வந்தார்.

அந்த ஞாயிறு அவன் வந்தான். அவனோடு கழுவுகிற நாலு பேரும் வந்தார்கள்.

அன்றைக்குத் திரும்பும்போது, பின்சீட்டில் ஏறியதும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளும் மகள் அதைக் கைப்பைக்குள் போட்டாள். சிக்னலில் நின்றபோது முன்னால் சாய்ந்து, “அடுத்த வாரமும் நீங்கதானப்பா வருவீங்க?” என்று கேட்டாள்.

இவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தலையை ஆட்டினார். ஹெல்மெட்டும் சேர்ந்து ஆடியது.

மகளை வீட்டில் இறக்கிவிட்டு நேராக மச்சான் வீட்டுக்கு வண்டியை விட்டார். அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மச்சான் இது? நீங்க சொன்னதை ஒண்ணு விடாம செஞ்சேன். ஃபாதர் இன்னும் மூணு வருஷத்துக்கு நான்தான்னு சொல்லிட்டார். இன்னிக்கு உட்கார நாற்காலி பத்தல.”

மச்சான் அவசரப்படாமல் தைல பாட்டிலை மூடினார். அடக்கி வைத்திருந்த சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

“பின்ன, எட்டு வருஷம் நான் வேற என்னத்த மாப்ள செஞ்சேன்?”