எட்டாம் தடத்து ஓரத்தில் ஒரு நாற்காலி

முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்ட நாற்காலியை விட்டு எழுந்திருப்பதாக இல்லை, புவாலா அம்மாள்.

"பெரியம்மா, இது நடுவருங்க நிக்கிற இடம். மேல பந்தல்ல உங்களுக்குன்னே ஃபேன் போட்டு வச்சிருக்கோம்."

"ஃபேன் காத்து எனக்கு ஆகாது. மூக்கடைக்கும்."

"இங்க வெயில் கொளுத்துதே!"

"வெயில் முட்டிக்கு நல்லது."

நடுவர் அவள் காலடியில் குந்தி உட்கார்ந்துதான் இத்தனையும் கெஞ்சினார். வயதானவர் தலைக்கு மேலே தன் தலை தெரியும்படி நின்று பேச லாவோஸில் யாருக்கு மனசு வரும்? நாற்காலியோடு தூக்கி வைக்கலாம்தான். அப்படிச் செய்தவன் அதற்கப்புறம் தலைநகர் வியந்தியானில் எந்தக் கடையிலும் நிம்மதியாக ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட முடியாது.

லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா. நான்கு கொடிகளும் காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அண்டை நாடுகளின் தடகளப் போட்டி. அடுத்து பெண்களுக்கான நூறு மீட்டர்.

எட்டாம் தடத்தில் புவாலாவின் மருமகள் சந்தலா. காலைச் சுற்றில் கொஞ்சம் அசந்து ஓடியதால் அவளுக்குக் கிடைத்தது கடைசித் தடம். மாமியாரின் நாற்காலி அந்தத் தடத்தை ஒட்டித்தான் கிடந்தது.

பயிற்சியாளர் விலாய் பக்கத்தில் நின்ற நடுவரிடம் குமுறினார்.

"தலையைத் தூக்கிக்கிட்டே ஓடுற பொண்ணுங்க இவ. கோட்டுக்கிட்ட நெஞ்சை முன்னால சாய், சாய்னு தொண்டை வத்தக் கத்திட்டேன். விறைச்சுக்கிட்டே போறா. போன ரெண்டு தடவையும் அந்தத் தாய்லாந்துப் பொண்ணு நூச்சரிகிட்ட ஒரு சாண்லதான் தங்கம் போச்சு. இப்ப கண்ணெதிர்ல மாமியார் வேற!"

இந்தத் தடவை தங்கம் வந்தால் சந்தலாவுக்குப் பயிற்சி முகாமில் இடம் நிலைக்கும். வராவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மாமியாரின் நூடுல்ஸ் கடையில் மாவு பிசைய வேண்டியதுதான்.

கடைக்கு ஒரு கை வேண்டும் என்று புவாலா ஊரெல்லாம் புலம்பியது யாருக்குத் தெரியாது? கிழவி காரியமாகத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நடுவர்கள் தங்களுக்குள் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள்.

தொடக்கக் கோட்டில் நூச்சரி குதித்துக்கொண்டிருந்தாள். எல்லை ஆற்றுக்கு அந்தக் கரைக்காரி, தாய்லாந்து. லீவு விட்டால் இந்தக் கரைச் சந்தைக்கு வந்து சந்தலாவோடு ஒரே தட்டில் பப்பாளிச் சாலட் சாப்பிடுகிறவள்.

"அக்கா, மெதுவா வாங்க. நான் முன்னாடி போய் உங்களுக்கு இடம் பிடிச்சு வைக்கிறேன்."

"போடி. எனக்கும் சேர்த்து மூச்சு வாங்கி வை."

துப்பாக்கி வெடித்தது.

சந்தலா ஓடினாள். தலையில் தண்ணீர்க் குடம் இருப்பதுபோல் கழுத்து நிமிர்ந்து, முதுகு விறைத்து, எப்போதும்போல. அந்தப் பக்கம் நடுத்தடத்தில் நூச்சரி. இருவருக்கும் நடுவே ஒரு நூல் பிடித்தால் நேராக நிற்கும்.

கோடு நெருங்கியது.

அப்போதுதான் சந்தலாவின் கண் நாற்காலியில் விழுந்தது. அதில் மாமியார், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கிற அதே தோரணையில்.

உடம்பு அவளைக் கேட்கவே இல்லை.

தோள் இறங்கியது. தலை தாழ்ந்தது. நெஞ்சு முன்னால் மடங்கியது. தினமும் பெரியவர்களைக் கடந்து போகிறபோது எப்படிக் குனிவாளோ அப்படியே, ஆனால் அந்த வேகத்தில் குனிந்தபடி கோட்டைக் கடந்து, தடுமாறி, சிவப்புத் தரையில் உருண்டாள்.

விலாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முடிவு காட்டும் பலகை வெகுநேரம் வெறுமையாக இருந்தது.

பிறகு பெயர் வந்தது. முதல் பெயர் சந்தலா.

நூச்சரிதான் ஓடி வந்து கைகொடுத்துத் தூக்கினாள். "அடிப்பாவி அக்கா! அப்படிச் சாய எங்க கத்துக்கிட்டீங்க? சொல்லவே இல்லையே!" என்று முதுகில் ஓர் அடி வைத்தாள். தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் புவாலாவின் முன்னால் வந்ததும் தோளைக் குறுக்கி, பணிவாகக் குனிந்து கடந்து போனாள்.

சந்தலா சிராய்த்த முட்டியோடு நொண்டி வந்து மாமியாரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"உங்க முன்னால நிமிந்துக்கிட்டு எப்படிம்மா ஓடுறது? கோட்டுலயே குனிஞ்சிட்டேன். விழுந்தும் தொலைச்சேன். தோத்திருந்தா?"

விலாய் ஓடி வந்தார். கோட்டைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அதில் இருந்தவளைப் பார்த்தார். மெல்ல அவள் காலடியில் குந்தி உட்கார்ந்தார்.

புவாலா தன் மேல்துண்டின் நுனியால் மருமகளின் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

"இவ பிசையற மாவுல நூடுல்ஸ் இழுத்தா மாடு கட்டுற கயிறு மாதிரி வருது, கோச் தம்பி. நீங்களே வச்சுக்கோங்க."

பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு இருநூறு மீட்டராமே. அதுல இவளுக்கு எந்தத் தடம்?"