ஏழாவது டக்

முதல் டக் கைத்தடிக் கிழவருக்குப் போனது.

ஒன்று என்று அவள் மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை. வரிசை கடைவாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. அவளுக்கு முன்னால் அவன். கட்டின புருஷன்தான். முகம் பளபளவென்று மழித்திருந்தான். தோசை வாங்கப் போகிறவனுக்கு எதற்குச் சவரம் என்று அவள் கேட்கவில்லை. பார்த்துவைத்துக்கொண்டாள்.

தோசை என்றால் நம்ம தோசை இல்லை. ஓட்ஸ் மாவைப் பொங்கவைத்துக் கல்லில் ஊற்றி, சீஸ் வைத்து மடித்துக் கொடுக்கிற, இங்கிலாந்தில் இந்த ஸ்டோக் ஊர்ச் சமாச்சாரம்.

ஆனால் கல், கல்தானே. ஊற்றுகிற கை, கைதானே.

கை டீனாவுடையது. மார்பில் பெயர் அட்டை குத்தியிருந்தாள்.

விசா கிடைத்து அவள் வந்துசேர்ந்து மூன்று மாதம்தான். அதற்கு முன் ஒன்றரை வருஷம் அவன் தனியாள். அத்தனை சனிக்கிழமையும் அவனுக்கு ஊற்றிப் போட்டது இந்தக் கை.

இப்போது வீட்டில் அவளும் ஊற்றுகிறாள். பச்சை மிளகாயைக் கீறி, விதையெடுத்து, பொடியாக நறுக்கித் தூவுகிறாள். விதை பட்டால் அவனுக்கு வயிறு எரியும். கல்யாணமான மூன்றாம் நாள் மாமியார் காதோடு சொன்னது. ‘நல்லாருக்கு’ என்று தின்பான். சனிக்கிழமை விடிந்தால் கிளம்பிவிடுவான்.

போன வாரம் கடைக்குப் போகிற வழியில் அவளோடு பேசிவிட்டு, போனை அணைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அப்படித்தான் அவள் காதில் அது விழுந்தது.

“ஹியர் யூ ஆர், டக்.”

பொம்பளைக் குரல். பின்னாலேயே இவன் சிரிப்பு.

வள்ளியூரில் ஒருத்தனை வாத்து என்று கூப்பிட்டால் சட்டையைப் பிடிப்பான். இவனுக்குச் சிரிப்பு வருகிறது.

அவள் ஒரு வாரம் பேசவில்லை. மாடி வீட்டு புஷ்பம் அக்கா, பதினோரு வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறவள், காரணத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏ புள்ள, இங்க எல்லாரும் எல்லாரையும் டக்குன்னுதான் கூப்பிடுதாவ. கண்ணு, ராசாங்கிற மாதிரி. பஸ் டிரைவர் என்னியத் தெனமும் கூப்பிடுதான். அதுக்காவ அவன் பின்னால போயிட்டனா?”

சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்றுதான் இன்று கூடவே வந்தாள்.

பெயிண்ட் சிந்திய பேண்டோடு நின்ற இரண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு டக். மூன்று.

தள்ளுவண்டித் தாய்க்கு நான்கு. வண்டிக்குள் இருந்த குழந்தைக்கு, அது தூங்கிக்கொண்டிருந்தபோதும், ஐந்து.

வாசலில் கட்டிப்போட்ட நாய் குரைத்தது. டீனா எட்டிப் பார்த்து அதற்கும் ஒன்று சொன்னாள்.

ஆறு.

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. வாரம் முழுக்க நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்தது. நாய்க்கே உண்டென்றால் புருஷனுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

அவன் முறை வந்தது.

டீனா நிமிர்ந்தாள்.

ஒன்றும் சொல்லவில்லை.

என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பலகைக்கு அடியிலிருந்து, முன்பே மடித்துவைத்த பொட்டலம் ஒன்று மேலே வந்தது. அவன் வாங்கிக்கொண்டான். டீனா கல் பக்கம் திரும்பி, ஏற்கெனவே திருப்பிப் போட்டிருந்த தோசையை மறுபடி திருப்பினாள்.

பிறகு இவளைப் பார்த்தாள். வாய் நிறையச் சிரிப்பு.

“வாட் கேன் ஐ கெட் யூ, டக்?”

ஏழு.

இவள் ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பஸ் நிறுத்தம் வரும்வரை அவன் பொறுக்கவில்லை.

“பாத்தியா? என்னிய ஒரு தடவ கூப்பிட்டாளா? சும்மா ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு!”

ஜெயித்த முகம். பரீட்சைத் தாளை நீட்டுகிற பிள்ளை மாதிரி பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினான்.

“தின்னு பாரு.”

கடைச் சுவரில் என்னென்ன கிடைக்கும் என்று எழுதியிருந்ததை, வரிசையில் நின்ற நேரமெல்லாம் அவள் படித்திருந்தாள். சீஸ். முட்டை. காளான். பன்றிக்கறி. அவ்வளவுதான்.

அவள் மடிப்பை விரலால் விலக்கினாள்.

உருகின சீஸுக்கு நடுவே பச்சை மிளகாய். பொடிப்பொடியாக.

விதையெடுத்தது.