வாசலில் சொல்லக் கூடாத சொல்

எந்தத் தெருவில் ஆளில்லையோ அந்தத் தெருவுக்குத்தான் நகரம் வெள்ளத்தைத் திருப்பிவிடும். ஆள் இருப்பதை, வீட்டுக்கு வீடு வாசலில் அது மாட்டிவைத்த பெட்டி குரலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அக்கம்பக்கத்தார் எல்லோரும் போய் ஒரு வாரமாகிவிட்டது. பக்கவாதத்தில் பேச்சை இழந்த கணவர் தணிகாசலத்துக்கும் சேர்த்து அமிர்தவல்லியே நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள்.

அன்று மாத்திரை தீர்ந்துவிட்டது. "கடை வரைக்கும்தாங்க, இதோ வந்துடறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கதவைத் தொட்டாள். திறக்கவில்லை.

"வர்றீங்களா, போறீங்களா?" என்றது பெட்டி.

"போயிட்டு வரேன்."

"புரியல. வர்றீங்களா, போறீங்களா?"

வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னால் அவள் அம்மா வாயிலேயே ஒன்று போட்டிருப்பாள். நாலாம் முறையும் பெட்டி கேட்டபோது எரிச்சல் தாங்கவில்லை.

"சரி, போறேன். போதுமா?"

கதவு திறந்துகொண்டது.

தெருமுனையைத் தாண்டியதும் பின்னால் மதகு தூக்கும் சத்தம் கேட்டது. அலறியடித்துத் திரும்பி ஓடி வந்தாள். தண்ணீர் அதற்குள் தெருவை நிறைத்திருந்தது.

"உள்ள எங்க வீட்டுக்காரர் இருக்காருய்யா! பேச மாட்டாரு, ஆனா இருக்காரு!" என்று முனைக் கம்பத்துப் பெட்டியிடம் கத்தினாள்.

"இது காலியான தெரு" என்றது அது. "பத்திரமா போயிட்டு வாங்க."