ரிப்பன் கட்டிய ஜெனரேட்டர்

புயலில் கரண்ட் போனதும் ஆரம்ப சுகாதார நிலையத்து ஃபிரிட்ஜுக்குப் பகீரென்றது. அதன் வயிற்றுக்குள் கைக்குழந்தைகளுக்கான தடுப்பு மருந்து. சூடேறினால் அத்தனையும் வீண்.

"அண்ணே, சீக்கிரம் ஓடுங்க!" என்று வாசலில் நின்ற ஜெனரேட்டரைக் கெஞ்சியது. புயல் காலத்துக்கென்றே அரசுத் திட்டத்தில் வந்த புத்தம்புது ஜெனரேட்டர் அது. டீசலும் நிரம்பியிருந்தது.

"மேலே கட்டியிருக்கிற ரிப்பனைப் பார்த்தியா தம்பி? அமைச்சர் வெட்டாம நான் எப்படி ஓடறது?"

"உள்ளே ஐஸெல்லாம் உருகுது அண்ணே!"

"பதறாதே. புயல் ஓய்ஞ்சதும் கட்டாயம் வருவார்."

புயல் ஓய்ந்தது. அமைச்சரும் வந்தார். கைதட்டலுக்கு நடுவே ஜெனரேட்டர் உறுமிக் கிளம்பியது.

"என்ன தம்பி, இப்ப ஜில்லுன்னு இருக்கா?"

கெட்டுப்போன மருந்துக் குப்பிகளை நர்ஸம்மா அன்று காலையில்தான் அள்ளிக்கொண்டு போயிருந்தார்.

"ரொம்ப ஜில்லுன்னு இருக்கு அண்ணே," என்றது காலி ஃபிரிட்ஜ்.