உள்ளேயிருந்து சொல்ல ஒரு ஆள்

ஆன்டெனா புளியங்கிளையில் மாட்டி ஒடிந்துவிட்டதால் வேறொன்று வாங்க மாசிலாமணி கடைக்கு வந்திருந்தார். ஊர் ஊராகத் திருவிழாக்களில் ராட்டினம் போடுபவர், குடியிருப்பு வேனுக்குள்தான்.

"வேனுக்குன்னா இந்த வட்டமானதை எடுத்துக்குங்க. எந்த ஊர்ல நிறுத்தினாலும் திருப்பவே வேண்டாம்," என்றார் கடைக்காரர்.

மாசிலாமணி அதைக் கையில்கூட வாங்கவில்லை. குச்சி குச்சியாக நீண்டிருந்த பழைய மாதிரியைக் காட்டினார்.

"அதை ஒவ்வொரு ஊர்லயும் மேல ஏறித் திருப்பணுமே. படம் தெரியுதா இல்லையான்னு உள்ளேயிருந்து சொல்ல ஆள் இருக்கா?"

"வீட்டுக்காரி சொல்லுவா."

மனைவி தவமணிக்குக் காரியம் முடித்துவிட்டு அவர் வந்திருக்கும் முதல் ஊர் அது. சாயங்காலம் டிவியைப் போட்டுவிட்டு வேனின் கூரையில் ஏறினார். கம்பியைக் கொஞ்சம் திருப்பி, "தெரியுதா?" என்று கேட்டார். கீழே இரைச்சல். இன்னும் கொஞ்சம் திருப்பியதும் இரைச்சல் அடங்கி, செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது. கம்பியிலிருந்து கையை எடுக்காமல் அவர் காத்திருந்தார். "போதும், விட்டுட்டு இறங்குங்க" என்று உள்ளேயிருந்து யாரும் சொல்லவில்லை. மேலும் கொஞ்சம் திருப்பினார். மறுபடி இரைச்சல் வந்தது.

"இப்ப?" என்றார்.